மனச்சிதைவு நோயும் மூளைக் கலங்களின் கொழுப்பும்



காய்ச்சல், நீரிழிவு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். ஆனால் வாலிப மகன் தனிமையில் முணுமுணுத்து, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லி, உண்ணாமல் உறங்காமல் இருந்தால் மட்டும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். "ஊருக்குத் தெரிந்தால் தங்கச்சிமாருக்குக் கலியாணம் பேச முடியாதே" என்ற பயம் ஒருபுறம். "யாரோ செய்வினை செய்துவிட்டார்கள்" என்ற சந்தேகம் மறுபுறம். மாதங்கள் ஓடுகின்றன, நோய் முற்றுகிறது.

இதன் பெயர் மனச்சிதைவு. வைத்தியர்கள் ஸ்கிசோபிரீனியா என்பார்கள். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இது தாயின் வளர்ப்புக் குறையால் வருவதல்ல. மூளை என்ற உறுப்பைப் பற்றிய நோய் இது.

போத்தலில் உறையும் எண்ணெய்

உங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடநூலில் 'கலம்' பற்றிப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்திருக்கிறது. அது பெரும்பாலும் கொழுப்பினால் ஆனது. மூளையில் நீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் ஏறத்தாழப் பாதி கொழுப்புத்தான்!

டிசம்பர், ஜனவரிக் குளிரில் நமது வலப்பனைப் பகுதி வீடுகளில் தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே உறைந்துவிடும். மீன் எண்ணெயோ அப்படி உறையாது. கொழுப்புகள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல என்பதற்கு இதுவே சாட்சி. மூளைக் கலங்களின் மென்சவ்வு நெகிழ்வாக இருக்க, உறையாத வகைக் கொழுப்பு அதில் போதியளவு இருக்க வேண்டும். ஒரு கலம் அனுப்பும் இரசாயனச் செய்தியை மற்றக் கலம் வாங்கும் 'வாசல்கள்' அந்தச் சவ்வில்தான் பதிந்துள்ளன. சவ்வு மாறினால் வாசலின் வேலையும் மாறக்கூடும்.

டேவிட் ஹொரோபின் என்ற ஆய்வாளர் 1994ஆம் ஆண்டு இதை ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார். அதன்பின் பல நாடுகளில் நோயாளர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சோதித்தபோது, அவற்றின் சவ்வில் அரக்கிடோனிக் அமிலம், டீ.எச்.ஏ. ஆகிய இரு கொழுப்புகள் சராசரியாகக் குறைந்திருந்தன. நயாசின் என்ற விற்றமின் பட்டால் சாதாரணமாகத் தோல் சிவக்கும். நோயாளர்களில் ஒரு பகுதியினருக்கு அது குறைவாகவே சிவக்கிறது. அந்தச் சிவப்பும் அரக்கிடோனிக் அமிலத்திலிருந்தே உண்டாகிறது.

ஆயினும் கொழுப்புக் குறைவுதான் நோயைத் தருகிறது என்று முடிவுகட்ட முடியாது. புகைபிடித்தலும் உணவுக் குறைவும்கூட அதைக் குறைக்கும். பரம்பரை உட்பட வேறு காரணங்களும் உண்டு.

மீன் எண்ணெய் மருந்தாகுமா?

இந்தியாவின் பூனா நகரில் 33 நோயாளர்களுக்கு, வழமையான மருந்துடன் மீன் எண்ணெய்க் கொழுப்பும் விற்றமின் ஈ, சீ ஆகியவையும் நான்கு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னேற்றம் தெரிந்ததாக 2003இல் வெளியிட்டார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. நோயின் விளிம்பில் நின்ற 81 இளைஞர்களிடம் வியன்னாவில் செய்து 2010இல் வெளியான ஆய்வு பெரும் நம்பிக்கை ஊட்டியது. ஆனால் 304 பேரைக் கொண்டு பல நாடுகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் அந்தப் பலன் காணப்படவில்லை.

ஆகவே சாளை, நெத்தலி, டின்மீன் என்று வசதிப்படி சமைத்துக் கொடுங்கள், உடலுக்கு நல்லது. ஆனால் மீனை நம்பி வைத்தியர் தந்த குளிசையை நிறுத்திவிடாதீர்கள். சுகமாகிவிட்டது போலத் தோன்றும்போது மருந்தை நிறுத்துவதால்தான் பலருக்கு நோய் திரும்புகிறது.

சங்கிலி வேண்டாம்

தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலை, தர்காவை அண்டிய ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களும் ஓர் உம்மாவின் பிள்ளைகள்தாமே?

புத்தி சுவாதீனமற்றவர் தெளிவு பெறும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நமது மார்க்கம். மார்க்கமே மன்னித்தவரை நாம் ஏன் தண்டிக்க வேண்டும்? நோய்க்கு மருந்து செய்யும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். துஆ ஓதுங்கள்; ஓதிக்கொண்டே வைத்தியரிடமும் கூட்டிச்செல்லுங்கள்.

பிள்ளையின் பேச்சிலும் உறக்கத்திலும் பழக்கத்திலும் மாற்றம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பக்கத்து அரசாங்க வைத்தியசாலையில் மனநல கிளினிக் எங்கே, எந்த நாளில் என்று கேளுங்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்திற்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம். காலம் தாழ்த்தாமல் தொடங்கும் சிகிச்சையே நல்ல பலன் தரும்.