தட்டத் தட்டக் கெடும் ஏர் ஃபில்டர்

இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைக் கோடையில் பார்க்க வேண்டும். முன்வண்டி கிளப்பும் புழுதியைப் பின்வண்டி குடித்துக்கொண்டே ஏறும். பாலக்காட்டுப் பக்கம் வேறு கதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த கணவாய் வழியே, டிசம்பர் தொடங்கிக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். வாளையாறு, கஞ்சிக்கோடு தாண்டும் லாரிகளின் இன்ஜினுக்குள் அந்தக் காற்று கிளப்பும் தூசியும் நுழையப் பார்க்கும்.

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 12 கிலோ காற்று தேவை. கன அளவில் ஏறத்தாழ 10,000 லிட்டர். கொழுக்குமலை உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே ஃபில்டரும் அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காது, கரும்புகை கக்கும்.

தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். அதே அளவுள்ள துகள் அங்கே சிக்கினால் உப்புத்தாள்போல் இரண்டையும் தேய்க்கும். பிறகு இன்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கும்.

இதற்குப் பயந்துதான் பலர் ஃபில்டருக்குள் இருக்கும் பேப்பர் எலிமெண்ட்டை அடிக்கடி கழற்றி டயரில் தட்டுகிறார்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசரால் ஊதுகிறார்கள். இரண்டுமே கெடுதல். இழைகளில் கொஞ்சம் தூசி படிந்த எலிமெண்ட், புத்தம் புதியதைவிட நன்றாக வடிகட்டும்; படிந்த தூசியே அடுத்த தூசியைப் பிடிக்கும். தட்டினால் மடிப்பு நசுங்கி ஓர ரப்பர் விலகும். டயருக்கு அடிக்கும் அழுத்தத்தில் ஊதினால் காகிதம் கிழியும். ஃபில்டரில் காற்றுக்கான தடையைக் காட்டும் இண்டிகேட்டர் சிவப்புக்கு வந்த பிறகு கழற்றினால் போதும். ஊதியே ஆக வேண்டுமென்றால் 30 பி.எஸ்.ஐ.க்கு மிகாமல், உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். பிறகு எலிமெண்ட்டுக்குள் பல்பைப் பிடித்து இருட்டில் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் நேராகத் தெரிந்தாலும் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். லாரிகளில் உள்ளே இருக்கும் இரண்டாவது எலிமெண்ட்டை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். மழையில் நனைந்த காகித எலிமெண்ட்டோடும் வண்டியை ஓட்டக் கூடாது.

கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஆயில் பாத் ஃபில்டர் உண்டு. காற்று கிண்ணத்து ஆயிலில் மோதித் திரும்பும்போது தூசி ஆயிலில் தங்கிவிடும். கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் கருஞ்சேறு கெட்டியாக இருக்கும். அதை வழித்து, டீசலில் கழுவி, துடைத்து, புது ஆயிலைக் கோடு வரை மட்டும் ஊற்ற வேண்டும். கோட்டைத் தாண்டினால் இன்ஜின் அந்த ஆயிலையும் உறிஞ்சி எரிக்கும். கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகவும் கூடும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, உடனே மாற்றிவிடுங்கள்.

ஃபில்டர் எவ்வளவு நல்லதானாலும், அதற்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் பயனில்லை. அடுத்த சர்வீஸில் அந்தக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துணியில் மண் ஒட்டினால் எலிமெண்ட்டோடு ஹோஸ், கிளிப் எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்த பிறகே வண்டியை மலையேற்றுங்கள்.