டொக்டர் ஏன் போனைப் பார்க்கிறார்?

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரமிருக்கும். உம்மும்மாவுக்கு இருமலும் காய்ச்சலும் கூடி மூச்செடுக்கக் கஷ்டப்பட்டதால் அரசாங்க வைத்தியசாலையில் சேர்த்தோம். வார்டில் கடமையிலிருந்த இளம் வைத்தியர் நெஞ்சைப் பரிசோதித்தார், ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்செடுக்கிறார் என்று எண்ணினார், பிரஷர் பார்த்தார், இரத்தம் எடுத்து அனுப்பினார். இரத்த அறிக்கை வந்ததும் சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மனிசி மூச்சு விட ஏலாமக் கிடக்குறா, இவர் போன் நோண்டிக்கிட்டு நிக்கிறார்" என்று சாச்சா முணுமுணுத்தார். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, நானும் அப்படித்தான் நினைத்தேன். பாடமாக்காமல் பரீட்சைக்கு வந்த பிள்ளை கொப்பியைத் திறந்து பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

அந்தப் போனில் என்ன இருந்தது என்பதை எனக்கு விளக்கியவர் மாமியின் மகள். உள்ளகப் பயிற்சி வைத்தியராக வேறொரு ஊரில் வேலை செய்கிறார். லீவில் வந்திருந்த ராத்தா தன் போனைத் திறந்து காட்டியபோதுதான், சாச்சாவும் நானும் எவ்வளவு பிழையாக நினைத்துவிட்டோம் என்று புரிந்தது.

முன்பெல்லாம் வைத்தியர்களின் வெள்ளை மேலங்கிப் பைகளில் சிறு கைநூல்கள் இருக்குமாம். மருந்துகளின் அளவுகளைச் சொல்லும் பிரித்தானிய தேசிய மருந்துக் கையேடு அவற்றில் ஒன்று. பீ.என்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1949இல் முதன்முதலாக வெளிவந்த அந்த நூல் இன்று செயலியாகவும் கிடைக்கிறது. அமெரிக்காவில் பேர்ட்டன் ரோஸ் என்ற சிறுநீரக வைத்தியர் 1992இல் புதிய மருத்துவத் தகவல்களைக் கணினித் தட்டுகளில் பதிந்து கொடுக்கத் தொடங்கியதுதான் பின்னர் 'அப்டுடேட்' என்ற செயலியாக வளர்ந்தது. 'எம்டி கல்க்' என்பது இன்னொரு வகை. அவசர சிகிச்சை வைத்தியர்கள் இருவர் 2005இல் ஆரம்பித்த அதில் நூற்றுக்கணக்கான மருத்துவக் கணிப்புகள் இருக்கின்றன. ஆகவே டொக்டர் போனைப் பார்ப்பது புதுப் பழக்கமல்ல. பையிலிருந்த புத்தகம் போனுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

உம்மும்மாவுக்கு வந்திருந்தது நியுமோனியா. இப்படியான நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா, வார்டில் வைக்க வேண்டுமா என்று தீர்மானிக்க உதவும் ஒரு புள்ளிமுறை இருக்கிறது. மனக்குழப்பம், இரத்தத்தில் யூரியா, மூச்சு வேகம், பிரஷர், 65 வயது என ஐந்து விடயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எழுபது வயதான உம்மும்மாவுக்கு வயதினாலேயே ஒரு புள்ளி. இது விரலில் எண்ணக்கூடிய இலேசான கணக்கு.

அடுத்தது அப்படி இலேசானதல்ல. கிளரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுக்க முன்னர் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைவாக வடிகட்டினால் அந்த மருந்தின் அளவைப் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் தேங்கிவிடும். வடிகட்டும் அளவைக் கணிக்க கொக்ரொஃப்ட், கோல்ட் என்ற இருவர் 1976இல் தந்த சூத்திரம் இன்றும் பாவனையில் இருக்கிறது. 140இலிருந்து வயதைக் கழித்து, நிறையால் பெருக்கி, அதை இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். உயர்தரத்தில் நாம் பார்க்கும் கணக்குகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லைதான். ஆனால் அறுபது நோயாளிகள் உள்ள வார்டில், இரவு முழுக்கக் கண்விழித்த ஒருவர் இதை மனதால் செய்தால் எங்காவது பிழை விடாமலிருப்பாரா?

உம்மும்மாவின் கிரியேட்டினின் 1.4. நிறை என்ன என்று டொக்டர் கேட்டார். சாச்சா சட்டென்று "60 கிலோ" என்றார். டொக்டர் உம்மும்மாவின் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தாதியிடம் நிறுவை கேட்டு, இருவருமாகத் தாங்கிப் பிடித்து உம்மும்மாவை அதில் ஏற்றினார்கள். 45 கிலோ. சாச்சா சொன்னது உம்மும்மா ஹஜ்ஜுக்குப் போன வருடத்து நிறை!

வீட்டுக்கு வந்து இரண்டு நிறைகளையும் வைத்து நானே கணக்குச் செய்து பார்த்தேன். 60 கிலோ என்றால் விடை ஏறக்குறைய 35. 45 கிலோ என்றால் ஏறக்குறைய 27. நடுவில் 30 என்ற கோடு இருக்கிறது. சாச்சாவின் பதிலைப் போட்டிருந்தால் உம்மும்மாவுக்கு முழு அளவு மருந்து போயிருக்கும். செயலி இரண்டு விடைகளையும் ஒரே மாதிரித்தான், சந்தேகமே இல்லாமல் காட்டும். பொய்யான நிறை என்று அதற்கு எப்படித் தெரியும்?

இதில் உயிரியல் படிக்கும் எனக்குப் பிடித்த ஒரு விடயமும் இருக்கிறது. கிரியேட்டினின் தசைகளிலிருந்து வரும் கழிவு. வயதாகித் தசை குறைந்தவர்களின் உடம்பில் அது குறைவாகவே உண்டாகும். அதனால் சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் அறிக்கையில் எண் பெரிதாகத் தெரியாது. அதே 1.4, அறுபது கிலோ நிறையுள்ள 25 வயது ஆணிடம் இருந்தால் விடை 68க்கு மேல் வரும். அறிக்கையின் எண்ணை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுதான்.

டொக்டர் இரண்டாவதாகக் கேட்ட கேள்விக்கும் எங்களிடம் ஒழுங்கான பதில் இல்லை. "வீட்டில் என்ன குளிசை குடிக்கிறார்?" சீனிக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, இரவில் சின்னதாக வெள்ளை நிறத்தில் ஒன்று. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே. கிளினிக் கொப்பி வீட்டில் இருந்தது. சாச்சா போய் எடுத்துவந்த பிறகுதான் அந்த வெள்ளைக் குளிசை கொலஸ்ட்ரோலுக்கான சிம்வஸ்டற்றின் என்று தெரிந்தது. அதையும் கிளரித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாதாம். தசைகள் சிதைந்து சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். மருந்துகளின் பெயர்களைப் போட்டால் ஒன்றோடொன்று மோதுமா என்று சொல்லும் பகுதி செயலியில் இருக்கிறது. ஆனால் "வெள்ளை நிறத்தில் சின்னது" என்று போட அதில் இடமில்லை. நுண்ணுயிர்க்கொல்லி முடியும் வரை அந்தக் குளிசையை நிறுத்தினார்கள்.

டெங்கு வார்டிலும் இப்படித்தான் என்றார் ராத்தா. 2017இல் நம் நாட்டில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததே, அதில் எத்தனை வீடுகள் பட்ட பாட்டை நாமே கண்டோம். நோய் ஆபத்தான கட்டத்தை அடையும்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். குறைவாக நீர் கொடுத்தால் பிரஷர் விழும், கூடக் கொடுத்தால் நெஞ்சில் நீர் தேங்கும். அதனால் அந்த 48 மணித்தியாலங்களுக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். 50 கிலோ நிறையுள்ளவருக்கு வாயாலும் ஊசியாலும் சேர்த்து 4600 மில்லிலீற்றர். 75 கிலோ உள்ளவர் வந்தாலும் நம் நாட்டு வழிகாட்டல்படி 50 என்றே கணிக்க வேண்டும். அது தெரியாதவர் கையில் எந்தக் கணிப்பானும் ஆபத்தானது. எவ்வளவு சிறுநீர் போனது என்று மணிக்கு மணி அளந்து எழுதும் தாதியின் வேலையையும் எந்தச் செயலியும் செய்வதில்லை.

எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சில செயலிகளின் சந்தா ஒரு பயிற்சி வைத்தியருக்குத் தாங்காது. சில வார்டுகளில் சிக்னலே கிடைக்காது, அதனால் இணையமில்லாமல் இயங்குபவற்றைத்தான் விரும்புவார்களாம். இருதயப் பதிவுத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பெரிய டொக்டருக்கு அனுப்பி ஆலோசனை கேட்பதும் உண்டு. உயிரைக் காப்பாற்றும் பழக்கம்தான். ஆனால் அந்தப் படத்தில் நோயாளியின் பெயரை மறைத்தார்களா என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் உம்மாவின் அறிக்கை என்றால் நான் கேட்பேன்.

உம்மும்மா எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். அன்றே கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அவரது நிறை, நிறுத்த திகதி, குளிசைகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றை எழுதி ஒட்டினேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் குடிக்கும் கஷாயத்தையும் சேர்த்தேன். அடுத்த கிளினிக்கில் டொக்டர் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, அதில் இல்லாத ஒன்றைக் கேட்டார்: "வீட்டில் காமரங்கா மரம் இருக்கிறதா?"

பலவீனமான சிறுநீரகத்துக்குக் காமரங்காச் சாறு நஞ்சு என்று அன்றுதான் எனக்குத் தெரியும். கிணற்றடியில் காய்த்துத் தொங்கும் மரத்தை நினைத்துக்கொண்டு உம்மும்மா தலையைக் குனிந்தார்.