தொடுதலும் தொடாமையும்: தீவகச் சிறாரின் விளையாட்டும் தொடக்கநிலை உடற்கல்வியும்

சிறுவர் உடற்கல்வி என்பது இலக்கிய மாணவரின் ஆய்வெல்லைக்குப் புறம்பானது என்ற எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. ஆனால் விளையாட்டைச் சமூக நியாயமாக எடுத்துப் பேசும் குரலொன்றை நற்றிணையின் 68ஆம் செய்யுளிலேயே கேட்கிறோம். ஆயத்தோடு ஓரையாட விடாது இளையோரை வீட்டினுள் அடைத்துவைத்தல் நெறியுமாகாது, குடியின் வளத்துக்கும் ஆகாது என அன்னையிடம் எடுத்துச்சொல்ல எவரேனும் உளரோ என்று அங்கே தோழி வினவுகிறாள். அவளுடைய உள்நோக்கம் வேறு என்பதை அகத்திணை பயின்றோர் அறிவர். எனினும், அந்த உள்நோக்கத்தை மறைப்பதற்கு அவள் பயன்படுத்தும் வாதம் அக்காலச் சமூகத்தில் ஏற்புடையதாய் இருந்திருத்தல் வேண்டும். அன்றேல் அது வாதமாகவே நின்றிராது.

அதே இலக்கிய மரபு, விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகையில் வாய்த்ததன்று என்பதையும் காட்டுகின்றது. பட்டினப்பாலையில், உணங்கும் உணவைக் கொத்தவரும் கோழிமேல் எறியப்பட்ட பொற்குழை சிறுவனின் மூன்றுகாற் சிறுதேரைத் தடுக்கின்றது. பொற்குழையை எறியக்கூடிய வீட்டில்தான் அச்சிறுதேர் உருண்டது. பிற்காலப் பிள்ளைத்தமிழில் இவ்வேறுபாடு இலக்கணமாகவே இறுகிவிடுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன. பெண்பாலுக்கு உரியவை கழங்கு அல்லது அம்மானை, நீராடல், ஊசல். ஆண்பிள்ளை வீதியிலே தேருருட்டி, பெண்பிள்ளை கட்டிய மணல்வீட்டைச் சிதைக்கிறான்; பெண்பிள்ளை இருந்த இடத்திலிருந்து கழங்காடுகிறாள். இன்று தொடக்கநிலை வகுப்பில் ஆண்பிள்ளைகளிடம் பந்தையும் பெண்பிள்ளைகளிடம் கயிற்றையும் கொடுத்துவிடும் ஆசிரியர் பிள்ளைத்தமிழைப் படித்திராமல் இருக்கலாம். ஆயினும் அந்தக் கருத்துநிலை அவரை வந்தடைந்திருக்கின்றது.

விளையாட்டின் தோற்றம் குறித்து ஐரோப்பிய அறிஞரிடையே சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் எழுந்த விவாதம் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. எஞ்சிய உடற்சக்தியின் வெளிப்பாடே விளையாட்டு என்றார் ஸ்பென்சர். பிற்கால வாழ்க்கைக்கான இயற்கைப் பயிற்சி என்றார் கார்ல் குரோஸ். விளையாட்டு உழைப்புக்கு முந்தியது என்பது கார்ல் பியூகரின் கருத்து. இதனை மறுத்த பிளெஹானவ், தனிமனித வாழ்வில் விளையாட்டு முந்துவது உண்மையெனினும் சமூக வாழ்வில் உழைப்பே முந்துகிறது எனக் காட்டினார். பிள்ளை விளையாடுவதற்கு முன்னர், அது எதனைப் பார்த்து விளையாடுகின்றதோ அந்த வேலையைச் செய்யும் பெரியவர்கள் இருந்தாக வேண்டும் என்பதே இதன் சாரம்.

இக்கருத்தைச் சோதிப்பதற்கு யாழ்ப்பாணத் தீவகம் நல்லதோர் களமாகும். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களின் நிலம் சுண்ணக்கல்லின் மேற் படிந்த மெல்லிய மண், நன்னீர் அருமை. பனையும் கடலும் சிறுபயிர்ச் செய்கையும் போதாமையினால், தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்தும் கடைகளில் வேலை பார்த்தும் வாழ்ந்த ஆடவர் பலர். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள் இப்பொருளியலிலிருந்தே கிடைத்தன. நுங்கு குடித்தபின் எஞ்சும் கோம்பை இரண்டைத் தடியிற் கோத்தால் வண்டில், பனையோலைத் துண்டு காற்றாடி, பூவரசிலை குழல், மட்டையின்மேல் ஒருவர் இருக்க மற்றவர் இழுத்தால் அதுவும் ஒரு வாகனம். சிரட்டையிலே மணற்சோறு சமைப்பதும், கடை வைத்து ஓலைத்துண்டைக் காசாக வாங்குவதும் உழைப்பின் போலிகளே. கொழும்புக் கடையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் தந்தையைப் பிள்ளை அடிக்கடி கண்டது இந்தக் கடை விளையாட்டிலேதான் என்று கூறுவது மிகையாகாது. தடியைக் குதிரையாக்கும் பிள்ளை, பொருளிலிருந்து கருத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகிறது என்று 1933இல் விளையாட்டுப் பற்றி ஆற்றிய விரிவுரையில் வைகோட்ஸ்கி விளக்கினார். நெடுந்தீவுப் பிள்ளைக்கு மெய்யான குதிரைகளே வெளியில் திரிகின்றன. ஆயினும் அதற்கும் தடி வேண்டியே இருக்கின்றது.

தீவக விளையாட்டுகளை உடற்பயிற்சி நோக்கிற் பார்த்தால் அவற்றின் வளம் புலனாகும். ஒற்றைக்காலிற் கட்டம் தாண்டிக் கெந்துதல் சமநிலையைப் பயிற்றுகின்றது. கொக்கான் வெட்டுதல் கண்ணையும் கைவிரலையும் இணைப்பதோடு எண்ணவும் பழக்குகின்றது. கிட்டியடித்தலில் புள் போய் விழுந்த தூரத்தைக் கோலால் அளந்தே வெற்றி கணிக்கப்படும். அளத்தல் என்னும் கணிதப் பாடம் அங்கே உடலால் நடைபெறுகின்றது. இவற்றை விரித்துரைத்தல் நமது நோக்கமன்று. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ போன்ற தொகுப்புகள் உள்ளன. ஆனால் தொகுப்புகள் பெரும்பாலும் விதிகளையே பதிவு செய்கின்றன. யார் யாரோடு விளையாடினர் என்ற வினாவை அவை எழுப்புவதில்லை.

அவ்வினா நமக்கு முதன்மையானது. கிளித்தட்டாயினும் ஒளித்துப் பிடித்தலாயினும் சடுகுடு ஆயினும், ஓடிப் பிடிக்கும் விளையாட்டுகள் எல்லாவற்றினதும் அடிப்படை வினை தொடுதல். யாரைத் தொடலாம், யாரைத் தொடலாகாது என்பதை நிலமானியச் சாதியமைப்பு வகுத்துவைத்த சமூகத்தில், இவ்விளையாட்டுகள் சாதியெல்லைக்கு உள்ளேயே நிகழ வேண்டியிருந்தன. பாடசாலை அவ்வெல்லையைக் கடக்கக்கூடிய முதலாவது பொதுவெளியாய் இருந்தது. அதனாற்றான் அது போர்க்களமுமாயிற்று. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்குமாறு பணிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகள் சில எரிக்கவும்பட்டன. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சம ஆசனத்துக்கும் சமபோசனத்துக்கும் குரல் கொடுத்தது. வாங்கிலே அருகருகே இருத்தல் பற்றி இத்துணைப் பூசல் நிகழ்ந்திருக்க, துரத்தித் தொட்டு விளையாடுதல் பற்றி எவரும் பேசாமை வியப்பன்று. பேசாமலே அது தடுக்கப்பட்டிருந்தது.

இப்பின்னணியிலேயே பாடசாலைக்குள் தேகாப்பியாசம் வந்த வரலாற்றை நோக்க வேண்டும். அதன் வேர்கள் சிறுவர் விளையாட்டில் இல்லை, படைமுகாமில் உள்ளன. பிரஷ்யாவில் யான் 1811இல் தொடங்கிய திறந்தவெளி உடற்பயிற்சிக்களம் நெப்போலியனுக்கு எதிரான போருக்கு இளைஞரை ஆயத்தஞ் செய்தது. லிங் 1813இல் ஸ்டொக்ஹோமில் நிறுவிய நிலையத்திலிருந்து பரவிய சுவீடிய முறையும் கட்டளைக்கு அமைந்த நிரைப்பயிற்சியே. போவர் யுத்தத்துக்குச் சேர வந்த பிரித்தானியத் தொழிலாளரிற் பலர் உடல்தகுதியற்றோராய் இருக்கக் கண்ட ஆளும்வர்க்கம், 1902இல் படைத்துறையின் பயிற்சியைத் தழுவிய மாதிரிப் பாடநெறியொன்றை ஆரம்பப் பாடசாலைகளுக்கு வழங்கியது. ஆலைவேலை அவர்களின் உடலைச் சிதைத்திருந்தது; அதற்கு மாற்றாக நிரையில் நிற்கும் பயிற்சியே அளிக்கப்பட்டது. குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தது இம்மரபுதான்.

ஆயினும் இதனை ஒருபக்கச் சார்பாக நிராகரித்தல் இயங்கியல் நோக்காகாது. நிரையில் நிற்கும் பிள்ளைகள் ஒரு கையளவு இடைவெளியில், ஒருவரையொருவர் தொடாது, ஒரே கட்டளைக்கு ஒரே அசைவைச் செய்கின்றனர். தொடுதல் தவிர்க்கப்படுகின்றது என்பது உண்மை. ஆனால் உயரத்தின்படி நிரைப்படுத்தும்போது சாதியின்படி நிரைப்படுத்த இயலாது. ஓர் ஒழுங்கை வலியுறுத்த வந்த பயிற்சி, தான் எண்ணாமலே இன்னோர் ஒழுங்கைச் சற்றுக் கலைத்தது. 1945இன் இலவசக் கல்வியும் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானமையும் இவ்வழியை மேலும் அகலமாக்கின.

இன்றைய நிலைக்கு வருவோம். 1998இல் கம்பகா மாவட்டத்திற் தொடங்கி மறு ஆண்டில் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம், ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பகுத்து, வழிப்படுத்தப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்று வழிகளை வகுத்தது. முதலாம் இரண்டாம் தரங்களில் விளையாட்டு முதன்மை பெறும். மேலே செல்லச்செல்ல எழுத்துவேலை மிகும். ஏட்டளவில் இது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இந்த ஏற்பாட்டைப் பின்னிருந்து இழுக்கின்றது. வறிய கிராமத்துப் பிள்ளை மத்திய பாடசாலைகளிற் கற்பதற்கு வழிசெய்யவே அப்பரீட்சை உருவாயிற்று. வேலணை மத்திய கல்லூரி அத்தகைய பாடசாலைகளுள் ஒன்று. அது காலப்போக்கில் நல்ல பாடசாலைக்கான போட்டியாய் மாறியபோது, மூன்றாந் தரத்திலேயே விளையாட்டு நேரம் வினாத்தாள் நேரமாயிற்று.

பாடசாலையில் எஞ்சும் உடற்கல்வி பெரும்பாலும் இல்ல விளையாட்டுப் போட்டியே. தீவகப் பாடசாலையொன்றில் அத்தகைய போட்டியைப் பார்த்திருந்தோம். சிறுவர் பல நாள் வெயிலில் அணிநடை பழகியிருந்தனர். அன்றைய தினம் சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம், பணிஸ் உண்ணல் என ஒவ்வொன்றிலும் மூவர் பரிசு பெற்றனர். ஏனையோர் இருந்து பார்த்தனர். இசைக்கதிரையில் முதலில் வெளியேறிய சிறுமி, ஆட்டம் முடியுமட்டும் கயிற்றோரம் நின்றாள். தோற்றவரை வெளியேற்றும் எந்த விளையாட்டிலும், பயிற்சி யாருக்கு மிகத் தேவையோ அவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கின்றது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதனைவிடப் பொருந்தாத உடற்கல்வியை எண்ணிப்பார்ப்பது கடினம். சந்தைப் போட்டியின் விதி இங்கே விளையாட்டு வேடம் பூண்டு நிற்கின்றது.

கிளித்தட்டின் விதி இதற்கு மாறானது. நிலத்தில் நீள்சதுரம் ஒன்று. அதன் நடுவே நெடுங்கோடு. அதனை வெட்டிச் செல்லும் குறுக்குக்கோடுகள். மறிக்கும் அணியில் ஒவ்வொருவரும் தத்தம் குறுக்குக்கோட்டில் மட்டுமே அசையலாம். கிளி எனப்படுபவர் நடுக்கோட்டிலும் எல்லைக்கோடுகளிலும் ஓடித் தொடலாம். மற்ற அணியினர் தொடப்படாது எல்லாத் தட்டுகளையும் கடந்து கீழிறங்கி மீண்டும் மேலேறி வரவேண்டும். விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடினும், பரவலான வழக்கில் ஒருவர் தொடப்பட்டால் அணி முழுவதுமே மறிக்கப் போகும். எவரும் தனியே வெளியேறுவதில்லை. ஆகவே விரைந்து ஓடக்கூடியவன் முன்னே ஓடிவிடுவதால் மட்டும் பயனில்லை. பின்தங்கிய சிறுவனைக் கடக்கவைப்பதற்காக அவன் கிளியைத் தன் பக்கம் ஈர்த்து ஏமாற்ற வேண்டும். தமிழகத்தின் சில பகுதிகளில் இவ்வாட்டத்தை உப்புக்கோடு என்பர். அப்பெயரின் பின்னாலுள்ள உழைப்புச் சூழல் எதுவென்பது தனியே ஆராயத்தக்கது.

தீவகத்தைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் இத்தீவுகளின் ஊர்கள் பல வெறுமையாயின. சென்றோரிற் பலர் மீளவில்லை. ஓர் அணிக்கேனும் பிள்ளைகள் சேராத சிறு பாடசாலைகள் உள்ளன. ஆசிரியர் பலர் குறிகட்டுவானிலிருந்து படகேறி வந்து, படகு நேரத்துக்கே திரும்புவோர். பாடசாலை முடிந்தபின் விளையாட்டு என்பது அவர்களுக்கு இயலாத காரியம். எனவே விளையாட்டு பாடநேரத்துக்குள்ளேயே, இருக்கும் பிள்ளைகளோடேயே நடந்தாக வேண்டும்.

கிளித்தட்டு இதற்கும் இடங்கொடுக்கின்றது. குறுக்குக்கோடுகளின் தொகை ஆட்களின் தொகையைப் பொறுத்தது. இருபதின்மர் இருப்பின் பக்கத்துக்குப் பத்துப்பேர், கிளி நீங்க ஒன்பது கோடுகள். ஆறு பிள்ளைகளே இருப்பினும் பக்கத்துக்கு மூவர்: ஒருவர் கிளி, இருவருக்கு இரண்டு கோடுகள். முதலாந் தரத்துப் பிள்ளைக்கும் ஐந்தாந் தரத்துப் பிள்ளைக்கும் வேகம் ஒவ்வாதாகலின், பெரியவர்களுக்குத் தட்டை அகலமாகவும் சிறியவர் மறிக்கும் தட்டை ஒடுக்கமாகவும் கீறலாம். பெண்பிள்ளைகளைத் தனி அணியாக்க வேண்டியதில்லை. ஐந்து முதல் பத்து வயதுவரையான உடலில் அதற்கு நியாயம் எதுவும் இல்லை. நெடுந்தீவின் கல்நிலத்தில் விழுந்தால் முழங்கால் உரியும்; மணற்பாங்கான இடத்தைத் தெரிதல் நன்று. கோடு கீறுவதற்கு அடுப்புச் சாம்பல் போதும். நேரம் காலை முதற் பாடவேளை. படகு வந்து ஆசிரியர் நடந்து சேர்வதற்குள் பெரிய பிள்ளைகள் கோடுகளைக் கீறி வைத்திருப்பர். எத்தனை கோடு என்பதை, அன்று வந்திருப்போரை எண்ணி அவர்களே முடிவு செய்வர்.