உங்களுக்குத் தெரியுமா? பட்டா நிலமும் அடியில் ஓடும் குழாயும்

டெக்சாஸில் நிலவுடைமையாளர் தம் நிலத்தடி எண்ணெயைக் குத்தகைக்கு விட்டு, ராயல்டி எனப்படும் உற்பத்திப் பங்கைப் பெறுவதுண்டு. தமிழ்நாட்டின் வடசேரியில் தென்னந்தோப்புக்குப் பட்டா வைத்திருப்பவருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை, ஏனெனில் இந்தியாவில் எண்ணெய் எடுக்கும் குத்தகையை 1948ஆம் ஆண்டின் எண்ணெய்வயல்கள் சட்டத்தின்கீழ் அரசே வழங்குகிறது. தரைப்பகுதி எண்ணெய்க்கான ராயல்டி மாநில அரசுக்கும் கடற்பகுதிக்கானது மத்திய அரசுக்கும் சேர்கிறது.

நில உரிமையாளரை நேரடியாகத் தொடுவது பெரும்பாலும் எண்ணெய்க் கிணறு அன்று, எண்ணெயோ எரிவாயுவோ செல்லும் குழாய்தான். 1962ஆம் ஆண்டின் குழாய்வழிச் சட்டம் நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. குழாய் பதிக்கும் ‘பயன்பாட்டு உரிமையை’ மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா பழைய பெயரிலேயே நீடிக்கும். குழாய் புதைந்த பின் நெல்லோ உளுந்தோ விதைக்கலாம், ஆனால் குழாய் செல்லும் நிலப்பட்டையில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ, தென்னை உட்பட எந்த மரமும் நடவோ கூடாது. இந்த உரிமைக்கான இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு மட்டுமே; பயிருக்கும் மரத்துக்கும் நேர்ந்த சேதத்துக்குத் தனித் தொகை உண்டு. அரசிதழில் அறிவிக்கை வந்த 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தொகை போதாதெனில் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

இத்தகைய குழாய் குறித்த வழக்கு ஒன்றில், கொங்குப் பகுதி உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே செல்லவிருந்த கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாயை நெடுஞ்சாலையோரம் மாற்றுமாறு தமிழக அரசு 2013இல் பிறப்பித்த உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது.