கமா விட்டுப்போனால் குடியா முழுகிவிடும்? செல்போன் தமிழ் படுத்தும் பாடு!

சீவலப்பேரி,

இரவு 11 மணி. சென்னையில் வேலை பார்க்கும் பேரனின் செல்போனில் ஒரு சேதி வந்து விழுகிறது. ஊரிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஒரே ஒரு வரி.

"தாத்தா போயிட்டாக."

பேரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருப்பிப் போன் போட்டால் எடுக்க ஆள் இல்லை. சித்தப்பா தூங்கிவிட்டார். அழுதுகொண்டே பஸ் ஏற ஓடுகிறான். விடிந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. சீவலப்பேரிக்கு வந்திருந்த தாத்தா, பாளையங்கோட்டையில் மகள் வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்!

இது கற்பனைச் சம்பவம்தான். ஆனால் செல்போன் இருக்கிற எந்த வீட்டிலும் நாளைக்கே நடக்கக்கூடியது. "பாளைக்கு" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டிருக்காது.

இரண்டு கட்சி

சும்மா பேசிக்கொள்கிற மாதிரி அனுப்பும் வாட்ஸ்அப் சேதிக்கு இலக்கணம் வேண்டுமா? கமா, கேள்விக்குறி எல்லாம் போட்டுத்தான் ஆகவேண்டுமா? டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும்.

"வெளங்கினாப் போதாதாவே? நான் என்ன பரீட்சையா எழுதுதேன்?" என்பது ஒரு கட்சி.

"தப்பா எழுதினா அர்த்தமே மாறிப் போகும்லா?" என்பது மறு கட்சி.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஊர்ப் பெயரே சாட்சி

முதல் கட்சிக்குச் சாட்சி வேண்டுமானால் எங்கும் போகவேண்டாம். ஊர்ப் பெயரே போதும். ஸ்ரீவல்லபன் என்ற பாண்டிய மன்னன் பெயரில் அமைந்த பேரேரிதான், மக்கள் வாயில் விழுந்து புரண்டு "சீவலப்பேரி" ஆனது என்று சொல்லுகிறார்கள். அன்றைக்குக் கொச்சை; இன்றைக்கு அதுதான் பஸ் போர்டில் இருக்கிற சரியான பெயர்!

தாமிரபரணியும் சிற்றாறும் கலக்கிற இந்த இடத்தை வைத்துத்தான் "முக்கூடற்பள்ளு" பிறந்தது. மூத்தவளும் இளையவளும் போடுகிற சக்களத்திச் சண்டை அதில் வருகிறது. வயலில் பேசுகிற பேச்சுக்குப் புலவர் இடம் கொடுத்தார். அதனால் அந்த நூலுக்கு மதிப்பு கூடியதே தவிர குறையவில்லை.

கமாவும் கேள்விக்குறியும் தமிழுக்குப் பழைய சொந்தம் அல்ல. வெள்ளைக்காரர் கொண்டுவந்த அச்சுப் புத்தகங்களோடு வந்து சேர்ந்த விருந்தாளிகள். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட வைக்காமல் விட்டுவிடுவார்கள். இத்தாலியில் இருந்து வந்து 1747-ல் காலமான வீரமாமுனிவர்தான் "எ"வுக்கும் "ஏ"வுக்கும், "ஒ"வுக்கும் "ஓ"வுக்கும் இன்றைக்கு இருக்கிற மாதிரி வடிவ வேறுபாடு காட்டினார்.

அப்படியானால் அத்தனை நூற்றாண்டு எப்படிப் படித்தார்கள்? தமிழில் சொல்லின் வாலே எல்லா வேலையும் பார்த்துவிடும். "வந்தானா" என்றால் அது கேள்வி. குறி போடாவிட்டாலும் கேள்விதான்.

வந்துட்டா... வந்துட்டா?

சிக்கல் எங்கே வருகிறது? பேசுகிறபடியே எழுதும்போது அந்த வால் அறுந்து போகிறது. அங்கேதான் வினை.

ஒரு வியாபாரி தன் குடோன் ஆளுக்கு இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"பணம் வந்துட்டா லோடு ஏத்திரு."

பணம் வந்துவிட்டால் ஏற்று என்று அர்த்தமா? அல்லது, "பணம் வந்துவிட்டதா? சரி, ஏற்று" என்று அர்த்தமா? முதலாவது என்றால் பணம் வரும்வரை லாரி நிற்கவேண்டும். இரண்டாவது என்றால் லாரி இந்நேரம் கங்கைகொண்டானைத் தாண்டியிருக்கும்!

புத்தகத் தமிழில் "வந்துவிட்டால்", "வந்துவிட்டதா" என்று இரண்டும் தனித்தனி. குழப்பமே இல்லை. நெல்லைப் பேச்சில் இரண்டும் "வந்துட்டா"தான். நேரில் பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். செல்போன் எழுத்துக்குக் குரல் கிடையாது. அந்தக் குரலுக்குப் பதிலாகத்தான் கேள்விக்குறி. ஆகவே, சும்மா பேச்சுத் தமிழில் எழுதுகிறவருக்குத்தான் குறிகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

நல்ல எண்ணெயா, நல்லெண்ணெயா?

மளிகைக் கடைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை புதிது அல்ல. "தேங்காய் எண்ணெய் கடலை மாவு" என்று ஒரே மூச்சில் சீட்டு வந்தால், சாமான் இரண்டா, மூன்றா, நான்கா? கமா இருந்தால் உடனே பொட்டலம் கட்டலாம். இல்லாவிட்டால் போன் போட்டுக் கேட்கவேண்டும். "நல்ல எண்ணெய்" என்று பிரித்து எழுதினால் எந்த எண்ணெயைக் கொடுப்பது?

ஒற்றெழுத்து விளையாட்டு இன்னும் வேடிக்கை. "வேலை கொடு" என்றால் உத்தியோகம். "வேலைக் கொடு" என்றால் முருகன் கையில் இருக்கிற வேல்! இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினால் கேட்கவே வேண்டாம். பல்லும் பாலும் ஒன்றாகிவிடும். பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும்.

50 லட்சம் டாலர் கமா

இதெல்லாம் வாய்ப்பேச்சு வேடிக்கை என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பால் கம்பெனி டிரைவர்கள் ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்ற சட்டப் பட்டியலில் ஓர் இடத்தில் கமா இல்லை. "சரக்கைக் கட்டுவதா, விநியோகிப்பதா, எதைச் சொல்கிறது சட்டம்?" என்று சண்டை. 2017-ல் அப்பீல் கோர்ட்டு டிரைவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2018-ல் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது.

அது சட்டப் புத்தகம். செல்போன் சேதிக்கு என்ன என்று கேட்கலாம். அதற்கும் வழக்கு இருக்கிறது. கனடாவில் தானியம் வாங்குகிறவர் ஒப்பந்தத்தைப் படம் பிடித்து ஒரு விவசாயிக்குச் செல்போனில் அனுப்பினார். விவசாயி பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டினார். "பார்த்துட்டேன்னுதான் போட்டேன்" என்பது அவர் வாதம். "இல்லை, அது கையெழுத்துக்குச் சமம்" என்றார் நீதிபதி. சரக்குக் கொடுக்காத விவசாயிக்கு 2023-ல் 82 ஆயிரம் கனடா டாலருக்கு மேல் தண்டம் விழுந்தது!

நம் நாட்டிலும் செல்போன் சேதி கோர்ட்டுக்கு வராது என்று யாரும் இருந்துவிடவேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டம், உரிய சான்றிதழோடு வரும் மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கிறது. பழைய சட்டத்திலும் இதற்கு வழி இருந்தது.

கேலி வேண்டாம்

இதற்காக ஒவ்வொரு சேதியிலும் சிவப்பு மை எடுத்துத் திருத்த வேண்டுமா? வேண்டவே வேண்டாம். குடும்ப குரூப்பில் அத்தை "வாள்த்துக்கள்" என்று அனுப்பினால் வாழ்த்து வாழ்த்துதான். நாலு பேர் முன்னால் அதைத் திருத்தினால், அடுத்த பொங்கலுக்கு அத்தையிடமிருந்து ஒன்றும் வராது. அரைகுறையாகப் படித்தவர்களும் இன்று தைரியமாக எழுதுகிறார்கள் என்றால் அது செல்போன் செய்த புண்ணியம். அந்த வாயை அடைக்கக்கூடாது.

"தினத்தந்தி"யை 1942-ல் மதுரையில் தொடங்கிய காயாமொழிக்காரர் சி.பா.ஆதித்தனார் காட்டிய வழியும் இதுதான். பாமரனுக்குப் புரிகிற மாதிரி, பேசுகிற மாதிரி எழுதவேண்டும் என்றார் அவர்.

ஆகவே கணக்கு சுலபம். அன்புக்கும் அரட்டைக்கும் இலக்கணம் பார்க்கவேண்டாம். பணம், நேரம், இடம், மருந்து, சாவு... இந்த ஐந்தும் வருகிற சேதியை மட்டும் அனுப்புமுன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு நிற்கிற இடத்தில் கமா. குரல் ஏறுகிற இடத்தில் கேள்விக்குறி.

தாத்தா போயிட்டாகளா? எங்கே போயிட்டாக? அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்!