ஈசாய் மரத்தின் களிமண் சின்னங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலத்தில், மேலை நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் ‘ஈசாய் மரம்’ வைக்கப்படுகிறது. தாவீது அரசரின் தந்தையான ஈசாயின் வழிவந்த இயேசுவின் மரபைக் கிளைவிடும் மரமாகக் காட்டும் இவ்வுருவகம், பிரான்சின் சார்த்தர் பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே வண்ணக் கண்ணாடிச் சாளரமாக அமைந்தது. நாளுக்கொன்றாகக் கிளையில் தொங்கும் நோவாவின் பேழை, யாக்கோபின் ஏணி, தாவீதின் யாழ் முதலிய சின்னங்கள், வீட்டுப் பிள்ளைகளின் கையால் களிமண்ணில் உருவாவதே பேரழகு. தட்டையாகத் தேய்த்த மண்ணில் உருவை வெட்டியவுடன், ஈரம் உலருமுன்பே நூல் கோக்கும் துளையைச் சற்றுப் பெரிதாக இட வேண்டும். உலரும் மண் சுருங்குவதால் துளையும் சிறுத்துவிடும், காய்ந்தபின் குத்தினாலோ சின்னமே விண்டுபோகும். ஒருபுறம் மட்டும் காய்ந்தால் ஓரங்கள் வளையுமாதலால், நிழலில் வைத்து அவ்வப்போது திருப்பிப் போடுவது நன்று. ஏணியின் மெல்லிய படிகளுக்கு இக்கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.