கல்பாசி எந்தக் குலம்?

குழம்புக்குத் தாளிக்கும்போது எண்ணெயில் கிள்ளிப் போடும் கல்பாசியை நம்மில் பலரும் அறிவோம். செட்டிநாட்டுச் சமையலின் மணத்தில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அது இலையா, பட்டையா, பூவா என்று கேட்டால் கைதேர்ந்த சமையற்காரரும் சற்றே விழிப்பார். தமிழில் அதைப் பாசி என்கிறோம். வடநாட்டார் கல்மலர் என்கிறார்கள். எது சரி?

சாஸ்திரக்காரர்கள் அதை 'லைக்கன்' என்பர். உத்திரமேரூர்ப் பக்கத்துப் பாறைகளில் படர்தாமரைபோல் வெளுத்துத் தோன்றுகின்றனவே, அவையும் அந்த வகையினவே. கோடைக்கானல், நீலகிரி மலைகளின் ஈர மண்ணிலோ இதன் உறவினனான கிண்ண லைக்கன், விரல்நக உயரக் காம்பில் சின்னஞ்சிறு கோப்பை ஏந்தி நிற்கும்.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1753-இல் இவை அனைத்தையும் ஒரே குலமாக்கிப் பாசிகளின் வரிசையில் தள்ளிவிட்டார். அவருடைய மாணாக்கர் அக்காரியஸ், 1803-இல் வித்துறுப்புகளின் அமைப்பைக் கொண்டு அக்குலத்தைப் பலவாகப் பிரித்தார். அப்போது கல்பாசிக்குக் கிடைத்த இடம் 'பார்மீலியா' குலம். 1952-இல் அது 'பார்மோட்ரீமா'வுக்கு மாறிற்று.

பெரிய கலகம் இவற்றுக்கு நடுவே, 1860-களில் விளைந்தது. ஸ்விட்ஜர்லாந்துக்காரரான ஷ்வெண்டனர், லைக்கன் ஒரே செடி அன்று, காளானும் பாசியும் கூடிக் குடித்தனம் நடத்தும் வீடு என்றார். காளான் வீடு கட்டுகிறது. பாசி வெயிலைக் கொண்டு ஆகாரம் சமைக்கிறது. பெரும் பண்டிதரான நைலாண்டர் 1899-இல் கண்மூடும்வரை இதை ஒப்பவில்லை. லைக்கன்களையே ஆயுள் முழுதும் ஆராய்ந்தவருக்கு அவை தனிச்செடியே அல்ல என்பது எப்படிக் கசந்திருக்கும்!

குடித்தனம் இருவருடையதானால் யார் பெயரை வைப்பது? லைக்கனுக்கு இடும் பெயர் காளானையே குறிக்கும் என்பது இன்றைய விதி. கிண்ணத்தைக் கட்டுவதும், அதன் விளிம்பில் வித்துகளை விளைப்பதும் காளானே. உள்ளிருக்கும் பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. ஆகவே நம் முன்னோர் பாசி என்றது பாதி சரி. அவர்கள் கண்டது சமையற்காரியை, வீட்டுக்காரனை அன்று.

நம் மலைகளில் திரட்டிய லைக்கன்கள் நெடுங்காலம் பெயர் சூட்டிக்கொள்ள ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அந்த நிலையை மாற்றியவர்களுள் முதல்வர் லக்னோ சர்வகலாசாலையின் தரணீதர் அவஸ்தி (1922–2011). இந்தியாவின் பெரிய லைக்கன்களை இனம் காண அவர் 1988-இல் வெளியிட்ட வழிகாட்டி இன்றும் கைகொடுக்கிறது. நம் நாட்டில் 2000-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன.

கடையில் கல்பாசி என்று விற்பதும் பெரும்பாலும் ஒரே இனமன்று. மலைமரங்களில் சுரண்டியெடுத்த பல இனங்கள் ஒரே மூட்டையில் வருகின்றன. இவை வருஷத்துக்குச் சில மில்லிமீட்டரே வளர்பவை. பிரித்தறியாமல் சுரண்டினால் எந்த இனம் அருகிப்போயிற்று என்பதே தெரியாது. வீட்டிலுள்ள பொட்டலத்தை வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்: மேலே சாம்பல், அடியில் கறுப்பு, ஓரத்தில் மாப்பொடி தூவியதுபோல் இருப்பவை பார்மோட்ரீமா. மற்றவற்றையும் தனியே ஒதுக்கி எண்ணிப் பாருங்கள்.